பொருக்கு விழும் ஓசை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இருமலும் இங்கே நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் தோள்வலி இறங்கியதா, இல்லை இன்னும் தையல் மெஷின் மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கிறாரா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் நாலாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுவாய். ஐந்தாவது நிமிஷத்தில் நான் திரும்ப அழைத்து ஏன் வைத்தாய் என்று சண்டை போடுவேன். கடிதத்தில் உனக்கு வேறு வழியில்லை, நான் முடிக்கும்வரை கேட்டே ஆகவேண்டும்.

நேற்று ஏழாவது வார்ப்பு. அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும்.

என்ன வேலை செய்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் "உலை வேலை" என்று சொல்லி நழுவிவிடுவேன். இன்று சொல்லிவிடுகிறேன். ஓர் அணு உலையில் எல்லாமே ஒரேயடியாகக் கைவிட்டு, மின்சாரம் போய், பம்பு நின்று, தண்ணீர் வற்றிவிட்டால், உள்ளே இருக்கும் எரிபொருள் தன் சூட்டிலேயே உருகிவிடும். உலையை நிறுத்தினாலும் அந்தச் சூடு நிற்காது. உருகியது இரும்புக் கலத்தைத் துளைத்துக் கீழே கான்கிரீட் தரையில் விழும். அங்கேயும் சும்மா கிடக்காது, தரையைத் தின்றுகொண்டே இறங்கும். அதை அந்தத் தரையிலேயே பிடித்து நிறுத்த மேலே தண்ணீரை ஊற்றினால் போதுமா? நாலு வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம். நிஜ எரிபொருள் இல்லை, பயப்படாதே. அதே சூட்டுக்கு வந்து அதே மாதிரி ஓடும் ஒரு கலவை. அரை மீட்டர் அகலத்தில் ஒரு தொட்டி, சுற்றிலும் நெருப்புச் செங்கல், அடியில் கான்கிரீட். உருகியது ஆறாமல் இருக்க அடியிலிருந்து மின்சூடு கொடுத்துக்கொண்டே இருப்போம்.

கலவையை உருக்கித் தொட்டியில் ஊற்றினோம், அதைத்தான் வார்ப்பு என்கிறோம். தண்ணீரைத் திறந்தோம். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி நடுங்கியது. நாலு நிமிஷம் நீராவி அப்படி அடித்தது, நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றேன். அப்புறம் சப்பென்று அடங்கிவிட்டது. மேலே ஒரு கனமான பொருக்கு கட்டிக்கொண்டது. தண்ணீர் அதன்மேல் வெந்நீராகச் சும்மா நிற்கிறது, கீழே உருகியது பாட்டுக்குக் கான்கிரீட்டைத் தின்கிறது. ஏழு தடவையும் இதே கதைதான்.

எங்கள் பிரிவுத் தலைவர் இன்று சொல்லிவிட்டார். ஜூனில் எட்டாவது வார்ப்பு, அதுதான் கடைசி. அதிலும் தண்ணீர் தோற்றால் தொட்டியை இழுத்து மூடிவிட்டு, கட்டப்போகும் புது உலைக்குத் தண்ணீரால் பயனில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த உலைக்கு அடியில் தண்ணீர்க் குழாயே வராது. எனக்கோ தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லை. தப்பு எங்களிடம் எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் இருக்கிறது. தூக்கமே வரவில்லை, ஆனால் கவலையால் இல்லை.

இப்படிக்கு,
உன் வாலு

பி.கு. தொட்டியைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.


பிப்ரவரி 19

அடியே வாலு,

நாங்கள் இருவரும் சுகம். அத்தானின் தோள் இப்போது மெஷினை விட்டுவிட்டுத் தலையணையைக் குற்றம் சொல்கிறது. உன் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, அல்லது அதற்கும் எட்டாவது தடவை வரட்டும் என்று காத்திருக்கிறாயா?

உன் கடிதத்தைக் கிரேன் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். உருகினதுமேல தண்ணி ஊத்துறீங்களா? நீங்கள் எல்லாரும் படித்தவர்கள்தானா? எங்கள் ஃபவுண்டரியில் உருக்கு வாளி நகரும்போது கீழே யாராவது ஈரத் துண்டோடு நின்றாலே நான் மணியை அடித்து அவரை வெளியே துரத்திவிடுவேன். பதினோரு வருஷமாக அந்த வாளிகளைத் தூக்குகிறேன், ஒரு சொட்டுத் தண்ணீரை அருகே விட்டதில்லை. இங்கே என்னடாவென்றால் என் கூடப் பிறந்தவள் குழாயைத் திறந்துவிட்டு எழுந்து நின்று வேடிக்கை பார்க்கிறாள்.

உருகியதற்கு மேலே தண்ணீர் நிற்கும்வரை வெடிக்காது, அடியில் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து என்று எனக்கும் தெரியும். ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

திட்டி முடித்தாயிற்று. இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் தொட்டி ஆறிய பிறகு அறுத்துப் பார்ப்பீர்களா? பார்த்தால், அந்தப் பொருக்குக்கும் கீழே உறைந்ததற்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? இருந்தால் எத்தனை விரல்? போய்ப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில், நீ நன்றாகத்தான் இருப்பாய். டாக்டரைப் பார்த்தேன், வெறும் தூசி என்றார்.

நாலு விரல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிடங்குக்கு ஓடினேன். ஏழு தொட்டிகளையும் அறுத்து அங்கேதான் வரிசையாக வைத்திருக்கிறோம். ஒன்று விடாமல் கையை விட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொருக்குக்கு அடியில் வெறும் காற்று. மூன்றாவது தொட்டியில் என் மணிக்கட்டே உள்ளே போகிறது. எங்கள் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழிலும் ஒரே வரி: "ஆறும்போது சுருங்கியதால் ஏற்பட்ட இடைவெளி." முதல் அறிக்கையில் அந்த வரியை எழுதியவள் நான்தான். மற்ற ஆறிலும் அதை அப்படியே எடுத்துப் போட்டவளும் நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன், பக்கத்தில் நின்ற, எங்கள் கலவையை உருக்கித் தரும் உலைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டே விட்டார்.

உனக்கு எப்படித் தெரிந்தது? அந்த இடைவெளி ஆறும்போது வரவில்லை என்றால், சூடாக இருக்கும்போதே இருந்திருக்கிறது. அப்படியானால் தண்ணீர் கலவையைத் தொடவே இல்லை. தோற்றது தண்ணீர் இல்லை.

எனக்கு எண்கள் வேண்டும் அக்கா. உன் வாளிகளில் பொருக்கு எந்த அகலம்வரை தாங்குகிறது, எந்த அகலத்தில் விழுகிறது? மேலே கனம் வைத்தால் என்ன ஆகிறது? அளந்து எழுதியனுப்பு. நிஜ உலைக்கு அடியில் இருக்கும் அறை ஆறு மீட்டர் அகலம். எங்கள் தொட்டி அரை மீட்டர். உன் பதிலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கால் தரையில் நிற்காத உன் வாலு

பி.கு. இதையும் கிழித்துவிடு.


மார்ச் 15

வாலு,

இங்கே எல்லாரும் சுகம். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது, தினமும் பார்ப்பதுதான்.

எங்கள் வாளிக்கு அடியில் துளை. அடைப்பைத் தூக்கினால் உருக்கு கீழ்வழியாக அச்சில் இறங்கும். மேலே மிதக்கும் கசடு அதற்குள் இறுகிப் பொருக்காகிவிடும். உருக்கு இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்க வேண்டும்தானே? சின்ன வாளியில் இறங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும், அடியில் எல்லாம் காலியானாலும் மூடி மாதிரி அப்படியே நிற்கும். கடப்பாரையால் இடித்துத்தான் எடுப்பார்கள். பெரிய வாளியில் அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. பாதியிலேயே நடுவில் விரிசல் விட்டுத் தடாலென்று விழும். கூண்டில் இருக்கும் எனக்கு ஓசையிலேயே எந்த வாளி என்று தெரியும்.

உங்கள் தொட்டியில் அடியில் துளை இல்லை. ஆனால் கான்கிரீட்டைத் தின்று கலவை கீழே இறங்குகிறது அல்லவா, அது போதும்.

எத்தனை அகலம், எத்தனை கனம் என்று யாரும் அளந்ததில்லை. வேலை நடக்கும்போது அளக்கவும் முடியாது. பார்க்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அடியே வாலு,

உட்கார்ந்துகொண்டு படி.

எங்களிடம் மூன்று அளவில் வாளிகள் உண்டு. அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டே கால் மீட்டர். போன வாரம் வேலை முடிந்த பிறகு அடுப்பில் மீந்த உருக்கையும் கசடையும் மூன்றிலும் பிடித்தோம். நானும், அடுப்பு பார்க்கிறவரும். பொருக்கு கட்டியதும் அடைப்பைத் தூக்கி உருக்கைக் கீழே இறங்கவிட்டோம். மேலே தண்ணீருக்குப் பதிலாக உலர்ந்த மணல். உன் வெறிக்காகக்கூட நான் அங்கே தண்ணீர் கொண்டுவர மாட்டேன். மணலை எடைபோட்டுக் கிரேனில் தூக்கிப் பொருக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். உங்கள் தண்ணீர் ஒரு முழ ஆழம் நின்றால் என்ன கனமோ, அந்தக் கனம்வரை.

சின்னது: முழு மணலையும் தாங்கிக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. நடுவாளி: பாதி மணலுக்கு நடுவில் கோடு விட்டது, முக்கால் மணலுக்கு விழுந்தது. பெரியது: மணல் மூட்டையைத் தூக்கி அருகே கொண்டுபோகும்போதே, நான் ஒரு பிடிகூடப் போடாமலே, விழுந்துவிட்டது. அடுப்பு பார்க்கிறவர் "அய்யய்யோ, நான் எதையும் தொடல" என்று இரண்டு கையையும் தூக்கினார். சிரித்துச் சிரித்து எனக்கு லீவரைப் பிடிக்க முடியவில்லை.

பொருக்கின் கனம், மணல் எடை, எல்லாம் பின்பக்கத்தில் பட்டியலாக இருக்கிறது. இரண்டு மீட்டருக்கே இந்தக் கதி என்றால் ஆறு மீட்டரில் அது எங்கே தொங்கப் போகிறது? பொய் சொன்னது உங்கள் சின்னத் தொட்டிதான்.

இங்கே சுகம்தான். இப்போது நேரம் நிறைய இருக்கிறது. சமையலறை அலமாரிக்கு வண்ணம் அடித்தேன், இரண்டு கோட்டு. அத்தானின் சட்டைகளுக்குக் காஜா எடுக்கவும் கற்றுக்கொண்டேன். தையற்காரர் மனைவிக்குப் பதினோரு வருஷம் கழித்து வந்த ஞானம்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே? நான் சௌக்கியம் என்று சொன்னால் போதாது, வாயெல்லாம் பல்லாகத் திரிகிறேன்.

உன் எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். பிறகு ஏழாவது தொட்டியின் அறுத்த பாதியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தலைவர் அறைக்கே கொண்டுபோனேன். கதவில் இடித்து வண்ணம் பெயர்ந்துவிட்டது. அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நெடுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.

எட்டாவது தொட்டியின் சுவரைச் சாய்வாகக் கட்டலாம் என்றேன். மேலே குறுகி, கீழே அகன்று. அப்படியானால் இறங்குகிற பொருக்குக்குச் சுவர் பிடி கொடுக்காது. மேலிருந்து ஓர் இரும்புக் கம்பி, பொருக்கை அழுத்தி எத்தனை கனத்தில் உடைகிறது என்று அளக்க.

"விடை வரணும்னு பாத்திரத்தை வளைக்கிறீங்களா?" என்றார்.

"இல்ல சார். ஏழு தடவையும் நேர்ச் சுவர் வச்சு நாமதான் வளைச்சிட்டோம். நிஜ அறையில அவ்வளவு பக்கத்துல சுவரே கிடையாது. நான் சொல்றது சரியான்னு பாக்கத்தான் கம்பி. கணக்குல சொன்ன கனத்துல உடையலைன்னா நானே தொட்டியை மூடச் சொல்றேன்."

அவர் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவர் விஷயத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "இந்த வாளி எண்கள் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார். ஒரு ஃபவுண்டரி அனுபவம் என்று மழுப்பிவிட்டேன். ஜூன் 12 நாள் குறித்தாயிற்று. கம்பியை இயக்கப்போவது நான்.

சாய்வு எவ்வளவு வைப்பது? அதையும் உன்னிடமே கேட்கிறேன். கிரேன் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

உன் வாலு


மே 14

வாலு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறோம்.

சாய்வு: அச்சிலிருந்து வார்ப்பைக் கழற்ற நாங்கள் ஒரு முழத்துக்கு அரை விரல் விடுவோம். நீங்கள் ஒரு விரல் விடுங்கள். செங்கல் இணைப்புகளில் பிசிறு இருந்தால் பொருக்கு அதையும் பிடித்துக்கொள்ளும், தேய்த்து வழவழப்பாக்கச் சொல். கொத்தர் சொன்னால் கேட்கமாட்டார், நீயே விரலால் தடவிப் பார்.

கம்பியை மெதுவாக இறக்கு. அவசரப்பட்டுக் குத்தினால் துளைதான் விழும், பொருக்கு விழாது. நீ எதிலும் அவசரக்காரி என்பதால் எழுதுகிறேன்.

மற்றபடி இங்கே விசேஷம் எதுவுமில்லை. கவனமாக இரு.

உன் அக்கா


ஜூன் 4

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

உன் நலத்தை விரும்பும் அத்தான் எழுதுவது. தோள் பரவாயில்லை. உன் அக்காவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெரிந்தால் என் கதி என்ன என்று உனக்கே தெரியும்.

மார்ச் கடைசியிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு அனுமதியில்லாமல் உருக்கு எடுத்தாள், கிரேனை ஓட்டினாள் என்று. அடுப்பு பார்க்கிறவரைத் தான் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லி அவரைக் காப்பாற்றிவிட்டாள். விசாரணையில் "உன்னை யாராவது செய்யச் சொன்னார்களா" என்று கேட்டார்களாம். "யாரும் சொல்லல, எனக்கே பாக்கணும்னு தோணிச்சு" என்றாளாம்.

நீ கேட்டு எழுதிய கடிதம் அவளிடம் இருக்கிறது. கிழிக்கச் சொன்னாய், அவள் உன் கடிதம் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. "அதைக் காட்டேன், விளையாட்டுக்குச் செய்யவில்லை என்று புரியுமே" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "அதைக் காட்டினா அவ வேலை போயிடும். ஜூன்ல அவளுக்கு வார்ப்பு இருக்கு. பேசாம இருங்க" என்கிறாள். ஜூன் 20 கடைசி விசாரணை. அதற்குமேல் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

காலையில் ஷிப்ட் சங்கு ஊதும்போது ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை அம்மா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் எழுதினேன். அந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவளுடைய பட்டியல் உன்னிடம் இருக்கும். என்ன செய்வதென்று நீயே முடிவு பண்ணு.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 14

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டரை மாதம். காஜா எடுக்கிறாளாம், அலமாரிக்கு வண்ணமாம். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் அத்தானின் கடிதத்தை மேஜைமேல் ஓங்கி அறைந்தேன். அப்புறம் அழுதேன். அப்புறமும் கோபம் போகவில்லை.

11ஆம் தேதி மத்தியானம் தலைவர் அறைக்குப் போனேன். நான் எழுதிய கடிதம், உன் கடிதங்கள், பட்டியல், எல்லாவற்றையும் அவர் மேஜைமேல் வைத்தேன். எண்கள் வந்த வழி இதுதான் சார், விதியை மீறினது நான், தண்டனை அனுபவிக்கிறது எங்கக்கா என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தார், நீ என்னைத் திட்டிய இடங்கள் உட்பட. படித்துவிட்டு, "நாளைக்கு நீங்க உள்ளே வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். நாலு வருஷம் காத்திருந்த வார்ப்புக்கு நான் வாசலுக்கு வெளியே. என் கம்பியை உலைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். "மெதுவா இறக்குங்க, குத்தாதீங்க" என்று அவரிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

12ஆம் தேதி காலை பத்து மணி. காவலர் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து கூரைமேல் இருக்கும் நீராவிக் குழாய் தெரியும், வேறெதுவும் தெரியாது. பத்து பன்னிரண்டுக்குக் குழாய் சீறியது. வெள்ளையாக, கனமாக. நாலு நிமிஷம். அப்புறம், வழக்கம்போல, மெலிந்தது. ஏழு தடவை பார்த்த அதே மெலிவு.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் காவலர்.

"பேசாதீங்க அண்ணே" என்றேன்.

நூல் மாதிரி ஆகிவிட்டது நீராவி. நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. திடீரென்று குழாய் உறுமியது அக்கா. முதல் தடவையைவிடக் கனமாக, கூரைத் தகரம் அதிர. பொருக்கு விழுந்துவிட்டது. விழுந்து நொறுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. நான் காவலரின் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அவர் தேநீர் அவர் சட்டைமேலேயே கொட்டியது. மறுபடி மெலிந்தது, மறுபடி சீறியது. புதுப் பொருக்கு கட்டுகிறது, அதுவும் விழுகிறது. ஐந்து தடவை. காவலரும் என்னோடு சேர்ந்து விரல்விட்டு எண்ணினார், எதற்கென்றே தெரியாமல். நாற்பது நிமிஷம் கழித்துக் குழாய் ஓய்ந்தது. மின்சூடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓய்ந்தது. அதற்கு ஒரே அர்த்தம்தான், கீழே உருகியது எதுவும் மிச்சமில்லை.

உலைக்காரர் தலைதெறிக்க ஓடிவந்தார். "அஞ்சு" என்று நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கருவியும் அதைத்தான் சொன்னதாம். முதல் பொருக்கு உன் பட்டியல் சொன்ன கனத்துக்கு மிக அருகில் உடைந்திருக்கிறது. இன்று தொட்டியை அறுத்தார்கள். ஏழாவதில் ஒரு முழம் கரைந்த கான்கிரீட், இதில் இரண்டு விரல்.

தொட்டியை மூடப்போவதில்லை. அக்டோபரில் ஒன்பதாவது வார்ப்பு. நான் மட்டும் அடுத்த உத்தரவு வரை கோப்பு அறையில். பரவாயில்லை, தகும். தலைவர் உன் ஃபவுண்டரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், என்ன எழுதினார் என்று என்னிடம் சொல்லவில்லை. நம் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். உன் ஏப்ரல் கடிதத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "பெரிய வாளியில் விழுந்தபின் மறுபடி பொருக்கு கட்டியதா? எத்தனை விநாடியில்? கேட்டுச் சொல்லவும்." விதியை மீறிக் கடிதம் எழுதினதற்குத் தண்டனை கொடுத்த மனுஷன், அதே கடிதத்தில் இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்கிறார்.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வாலு


ஜூன் 27

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வார்ப்பாலையில் உருக்கு வாளிக் கிரேன் ஓட்டுகிறவள். தாங்கள் என் கையெழுத்தை முன்பே படித்திருக்கிறீர்கள், என் தங்கையை நான் திட்டியதையும் சேர்த்து. அதற்காக வெட்கப்படவில்லை.

தங்கள் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. "எங்கள் பொறியாளர் கேட்டதன்பேரில் செய்யப்பட்ட இந்த அளவீடு, எங்களுக்கு நாலு வருடங்களில் கிடைக்காததைக் கொடுத்தது" என்ற வரியை மேலாளர் சத்தமாகப் படித்தார். ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை கூண்டில் ஏறினேன். கீழே எல்லாரும் கைதட்டினார்கள், நான் மணியை அடித்து அவரவர் இடத்துக்குப் போகச் சொன்னேன். தங்களுக்கு நன்றி.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், பெரிய வாளியில் மறுபடி பொருக்கு கட்டியது. மறுபடி விழுந்தது. உருக்கு முழுதும் இறங்கும்வரை நான்கு தடவை. ஒவ்வொன்றும் கட்ட எத்தனை விநாடி, விழ எத்தனை விநாடி என்று கூண்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறேன். என் தங்கைக்குக்கூட அனுப்பவில்லை. அவள் கேட்டது அகலமும் கனமும்தான்.

அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை அனுப்புவதில் எனக்கு ஒரு தடை. என் தங்கை விதியை மீறினாள், தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவள் வாசலுக்கு வெளியே நின்று, கூரைக் குழாயை மட்டும் பார்த்து, உங்கள் கருவி சொன்னதையே சொன்னாள். அப்படி ஒருத்தியைக் கோப்பு அறையில் உட்காரவைத்துவிட்டு என் விநாடிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்பதாவது வார்ப்பில் அவள் உள்ளே நிற்பாள் என்று எழுதுங்கள். தாள் மறுநாளே தபாலில் வரும்.

தவறாக எதுவும் எழுதியிருந்தால் மன்னிக்கவும். எங்கள் தளத்தில் கத்தித்தான் பேசிப் பழக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
கிரேன் ஓட்டுநர்


ஜூலை 19

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

நலம். தங்கள் நலம் சிறக்க வேண்டுகிறேன்.

தங்கள் 27ஆம் தேதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனை எங்கள் விதிகளுக்குப் புறம்பானது. விதியைத் திருத்துவதற்கு மூன்று வாரம் பிடித்துவிட்டது, தாமதத்துக்கு வருந்துகிறேன். வெளி ஆட்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று இருந்ததை, தேவையானவரிடம் எழுத்து அனுமதியோடு கேட்கலாம் என்று மாற்றியிருக்கிறோம். நாலு வருடங்களுக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 9, ஒன்பதாவது வார்ப்பு. கம்பியை இயக்குபவர் தங்கள் தங்கை. கட்டுப்பாட்டு அறையில் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே கண்ணாடி நடுங்கும், பயப்பட வேண்டாம். தங்களுக்கு மூன்று நாள் விடுப்பு கேட்டுத் தங்கள் மேலாளருக்குத் தனியாக எழுதியாயிற்று, அவரும் சம்மதித்துவிட்டார்.

ஆகவே அந்தத் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கையோடு கொண்டு வாருங்கள்.

தங்கள்,
சோதனைப் பிரிவுத் தலைவர்